ஜத்தாவின் பாராட்டு

டாக்காரை ஒட்டிய எங்கள் ருஃபிஸ்க் ஊரில் சிகாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஒரு பெயர் உண்டு. மீன் சந்தையில் அவள் ஒரு மீனைத் தூக்கி முகர்ந்து பார்த்து, இது நேற்றுச் செத்தது என்று சொல்லிவிட்டால் விற்கிறவள் வாயைத் திறக்க மாட்டாள். பின்னால் நிற்கிறவர்களும் பையை மடக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். கல்யாண வீடுகளில் மணப்பெண்ணின் அலங்காரம் எப்படி என்று கேட்க அவளை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. அப்படிப்பட்டவள் ஐம்பது வயதுக்கு மேல் பொய் சொல்லத் தொடங்கினாள். அதுவும் கட்டின புருஷனிடம், தினம் தவறாமல். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சொன்னாள்.

புருஷன் பெயர் தம்சிர் ஃபாய். குலப்பெயரைச் சொல்லி ஃபாய் என்று கூப்பிடுவதுதான் மரியாதை. சிகாவும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் கண்ணாடியில் படம் போடுகிறவர். வீட்டு முற்றத்தில் வேப்ப மரத்தடியில் ஒரு தாழ்ந்த மேஜை, ஒரு பக்கம் கண்ணாடித் துண்டுகள், இன்னொரு பக்கம் எனாமல் பெயிண்ட் டப்பாக்கள். சிங்கமும் வேட்டைக்காரனும், கப்பலில் ஜோடி ஜோடியாக ஏறும் மிருகங்கள், தலைத்துணியை உயரக் கட்டிய சீமாட்டிகள், முடியைப் பிடித்து உருளும் சக்களத்திகள். ஃபாய் போட்ட சக்களத்திகள் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. ஒரே பெண்டாட்டியோடு ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறவன்கூட ஓர் எச்சரிக்கைக்கு வாங்கி மாட்டி வைத்திருப்பான்.

கண்ணாடி வேலை தலைகீழ் வேலை. காகிதத்தில் வரைகிறவர்கள் வானத்தில் தொடங்கிக் கண்ணில் முடிப்பார்கள். பின்பக்கத்தில் போட்டு முன்பக்கமாகப் பார்க்கிற கண்ணாடிப் படத்தைக் கண்ணில் தொடங்கி வானத்தில் முடிக்க வேண்டும். முதலில் கறுப்பு மையில் கோடு. கண்மணி, தோடு, சட்டைப் பொத்தான் என்று மேலே தெரிய வேண்டிய சில்லறைச் சமாச்சாரமெல்லாம் அப்போதே வந்தாக வேண்டும். அதன்மேல் நிறம், கடைசியில் பின்னணி. தோட்டை மறந்துவிட்டுக் காதுக்கு நிறம் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், அந்தப் பெண் ஆயுசுக்கும் மூளிக் காதோடுதான் இருப்பாள். கோடு ஃபாயின் வேலை, நிறம் சிகாவின் வேலை. கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான் நடந்தது.

ஃபாய்க்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. வலி இல்லாததால் மனிதர் கவனிக்கவில்லை. பக்கவாட்டில் வருகிற ஆட்டின் மேல் தடுக்கி விழுந்தபோதும் ஆட்டைத்தான் திட்டினார். டாக்காரில் டாக்டரிடம் போனபோது, போன பார்வை போனதுதான், இருக்கிறதும் நிற்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிய அன்று ஃபாய் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். தெரு முழுக்கச் சிரிக்க வைத்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. சிகா அந்த முதுகோடு பேசிப் பேசி அலுத்துப்போனாள். ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கும்போது மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். அவளுக்கு அவ்வளவு பயம். பார்வை போனதைக் காட்டிலும் அந்தப் பேச்சு போனதுதான் அவளை உலுக்கியது.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அவர் நாற்காலியைத் திருப்பினார். ஒரு கண்ணாடி எடுத்துவா என்றார். அப்போது அவருக்கு வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும்தான் தெரியும். இடது கட்டைவிரலைக் கண்ணாடி விளிம்பில் ஊன்றி, சுண்டுவிரலை விரித்து அளந்து, மனசில் இருந்ததைப் போட்டார். குதிரையும் அதன்மேல் ஒரு வீரனும். குதிரை ஒரு மாதிரி வந்திருந்தது. வீரன்தான் குதிரையை விட்டு நன்றாகத் தள்ளி, காற்றில் உட்கார்ந்திருந்தான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். மழைக்காலத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"நல்லா இருக்கு, ஃபாய்," என்றாள் சிகா.

அவர் முகம் மலர்ந்தது. டீ போடச் சொன்னார். டீ குடித்துக்கொண்டே எதிர்வீட்டுத் தையல்காரரின் மாமியாரைப் பற்றி ஒரு கதை சொல்லி, அவரே சிரித்தார். சிகா அடுப்படிக்குப் போய் தோள் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சாயங்காலம் தையல்காரர் ஃபாயின் கையைப் பிடித்துத் தொழுகைக்கு அழைத்துப் போனதும், பிளேடை எடுத்து அந்தக் கோட்டை முழுக்கச் சுரண்டினாள். இத்தனை வருஷமாக அவர் கோட்டுக்குள் நிறம் நிரப்பியவளுக்கு அந்தக் கோடு எப்படி வளையும் என்று தெரியாமலா இருக்கும். வீரனைக் குதிரை மேல் ஏற்றி உட்கார வைத்தாள். அவர் தொழுதுவிட்டு வரும்போது மை காய்ந்திருந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான். காலையில் அவர் போடுவார், சாயங்காலம் இவள் சுரண்டிப் போடுவாள், மறுநாள் நிறம். டாக்காரிலிருந்து வந்து வாங்கிப் போகிற வியாபாரி, கண் போனாலும் கை இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது என்று ஃபாயின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். இந்த வியாபாரிகளுக்குத் தெரிந்த கலை அவ்வளவுதான். ஃபாய் அன்று முழுக்க மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார், வாசல் நிலையில் இடித்துக்கொண்டதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். யாரும் மூச்சு விடவில்லை. வந்து எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாம், மாஷா அல்லா, என்ன கை, என்ன கை என்று சொல்லிவிட்டு, கோணலாய் நிற்கிற ஒட்டகத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு போவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஜத்தா வந்தாள். முழுப்பெயர் உலிமத்தா ஜத்தா. தெற்கே கசமான்ஸ் பக்கம் பிறந்தவள், டாக்காரில் ஆவணப்படம் எடுக்கிறவள், முப்பது வயசுக்காரி. பார்வையை இழந்துகொண்டிருக்கிற ஓவியரைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று, கேமராவையும் மைக்கையும் ஒரே ஆளாய்ச் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்று பெயரைச் சொன்னாள். பெயரைக் கேட்டதுமே ஃபாய் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஜத்தாவா? அப்போ ஜோலாக்காரி. நம்ம அடிமைதான். உள்ள வா, வாசல்ல நின்னா வேற எவனாவது தன்னோடதுன்னு ஓட்டிட்டுப் போயிடுவான்."

"அடிமை ஒழுங்கா இருக்கானான்னு பாக்கத்தான் எஜமானி வந்திருக்கேன்," என்றாள் ஜத்தா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "சோறு மிச்சம் இருக்கா, இல்ல செரேர்க்காரங்க வழக்கப்படி சட்டியோட முழுங்கியாச்சா?"

ஃபாய் செரேர் இனம், ஜத்தா ஜோலா இனம். ஒரு காலத்தில் அக்கா தங்கை இரண்டு பேர் ஒரே படகில் போனார்களாம், புயலில் படகு இரண்டாக உடைந்ததாம், வடக்கே ஒதுங்கியவளின் பிள்ளைகள் செரேர், தெற்கே ஒதுங்கியவளின் பிள்ளைகள் ஜோலா. அதனால் இந்த இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும், பஸ்ஸாக இருந்தாலும் கல்யாண வீடாக இருந்தாலும், முதல் வேலை ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசுவது. எவ்வளவு ஏசினாலும் கோபம் வரக்கூடாது. வந்தால் அவன் மனிதனே இல்லை. ஏசாமல் இருந்தால்தான் ஏதோ மனக்கசப்பு என்று அர்த்தம்.

அன்று காலை ஃபாய் சிங்கமும் வேட்டைக்காரனும் போட்டிருந்தார். ஜத்தா மேஜைக்கு அருகில் குனிந்து கண்ணாடியைப் பார்த்தாள். சிகா பார்க்காதே பார்க்காதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஃபாய் இது," என்றாள் ஜத்தா. "துப்பாக்கி வேட்டைக்காரன் கையில இல்லையே. சிங்கத்துக்கிட்டதான் இருக்கு."

சிகா அவர் முகத்தைப் பார்த்தாள். ஃபாய் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார் பாருங்கள், மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து போயின. ஜோலாக்காரியின் வாயைக் கேட்டாயா, கேட்டாயா என்று சிகாவிடம் திரும்பித் திரும்பிச் சொன்னார். கண்ணீர் வரச் சிரித்தார். சிகாவும் சேர்ந்து சிரித்தாள். துப்பாக்கி உண்மையிலேயே சிங்கத்தின் மடியில்தான் கிடந்தது. அந்தப் பெண் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள், அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டார். தான் சொல்கிற பொய் அவருக்கு உண்மை, ஜத்தா சொல்கிற உண்மை அவருக்குக் கேலி. இப்படியே போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சிகாவுக்குத் தோன்றியது.

அப்படியே சில மாதங்கள் போயின. ஜத்தா வாரத்துக்கு இரண்டு முறையாவது வருவாள். ஃபாயின் சட்டைக் காலரில் மைக்கைக் குத்திவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்து எடுப்பாள். ஒட்டகத்தின் கூன் எங்கே, சந்தைக்குப் போயிருக்கிறதா என்பாள். இந்தச் சக்களத்திகள் சண்டை போடவில்லை, ஒருத்தி மூக்கை இன்னொருத்தி கடன் வாங்கியிருக்கிறாள் என்பாள். அவள் ஏச ஏச ஃபாய்க்கு உற்சாகம் கூடும். மத்தியானம் மூவரும் ஒரே தட்டில் மீன் சோறு சாப்பிடுவார்கள். நல்ல மீன் துண்டத்தை ஃபாய் விரலால் தடவிக் கண்டுபிடித்து ஜத்தாவின் பக்கம் தள்ளிவிட்டு, அடிமைக்குத் தீனி போடாவிட்டால் வேலை செய்ய மாட்டாள் என்பார். பெற்ற பிள்ளைகள் மூன்று பேரும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இருக்கிற வீடு அது. இந்தப் பெண் வந்து போவது சிகாவுக்கும் பிடித்திருந்தது.

ஒரு சாயங்காலம் ஃபாய் தொழுகைக்குப் போன பிறகு, மறந்துவிட்டுப் போன பேட்டரியை எடுக்க ஜத்தா திரும்பி வந்தாள். சிகா மேஜையில் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். பிளேடு கண்ணாடியில் உரசுகிற சத்தத்தில் கதவு திறந்தது கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது ஜத்தா கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சிகா கையை மறைக்கவில்லை. மறைத்துப் பழக்கமில்லை. உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னாள். மழைக்காலம், நாற்காலி, சுவர், முதல் குதிரை, எல்லாம். ஜத்தா கேமராவை மடியில் இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, என்னால் இந்தப் படத்தில் பொய் வைக்க முடியாது சிகா அம்மா என்றாள். நான் எடுத்ததில் அவருடைய கோணல் கோடுகள் எல்லாம் இருக்கின்றன, முடித்தபின் ஊரே உட்கார்ந்து பார்க்கும், யாராவது ஒருவர் வாய் தவறிச் சொல்லத்தான் போகிறார்கள் என்றாள்.

"அது அன்னிக்குப் பாத்துக்கலாம்," என்றாள் சிகா. "இன்னிக்கு அவர் பேசறார். அது போதும் எனக்கு. இது தெரிஞ்சா அவர் மறுபடி சுவத்தப் பாத்து உக்காந்துடுவார்டி. இந்தத் தடவை திரும்ப மாட்டார். எனக்குத் தெரியும்."

ஜத்தா எழுந்தாள். பேட்டரியை எடுத்துக்கொண்டு போகும்போது, என்னால் அவரிடம் சொல்ல முடியாது, அதை மட்டும் நம்புங்கள் என்றாள். சிகா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஜத்தாவின் கேலியில் கொஞ்சம் சூடு குறைந்தது என்றுதான் நான் சொல்வேன். தெரிந்துகொண்டே ஏசுவது அவ்வளவு சுலபம் இல்லை. ஃபாய் அதைக் கவனித்தாரா என்பது தெரியாது. ஒருநாள் அவளிடம், என்ன வாய் மழுங்கிவிட்டது, டாக்காரில் சாணை பிடிக்க ஆள் இல்லையா என்று கேட்டார்.

நோன்பு மாதத்துக்கு முன்னால், ஜத்தாவின் படத்துக்கென்று ஒரு பெரிய கண்ணாடியில் வேலை செய்யப் போவதாக ஃபாய் அறிவித்தார். என்ன படம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அன்று காலை சிகாவை நல்ல மீன் வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்ததும் எலுமிச்சம்பழம் வேண்டும் என்று மறுபடி அனுப்பினார். அதையும் வாங்கி வந்ததும் தையல்காரர் மனைவிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு வரச் சொன்னார். அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வாசலிலேயே நின்று வம்பு பேசிக்கொண்டிருந்தாள். சிகா அலுத்துப்போய் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. காலையிலிருந்து அவர் போடுவதை எடுத்துக்கொண்டிருந்த ஜத்தா ஏற்கெனவே டாக்கார் பஸ்ஸுக்கு ஓடியிருந்தாள். மேஜையில் கண்ணாடி இருந்தது.

ஒரு பெண். இதுவரை அவர் போட்டதிலேயே மோசமாக வந்தது அதுதான். ஒரு கண் முகத்துக்கு வெளியே இருந்தது. புருவம் ஒன்று தலைத்துணிக்கு மேலே ஏறிக்கொண்டது. வாய் தாடையை விட்டு நழுவியிருந்தது. அங்கங்கே என்னென்னவோ புள்ளிகள், கீறல்கள். மை வழிந்த இடம் போலிருக்கிறது என்று சிகா நினைத்தாள்.

"எப்படி?" என்றார். சாதாரணமாகக் கேட்கிற குரல் இல்லை அது. கொஞ்சம் கூச்சப்படுகிற குரல்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை, அவள் இன்னும் ஏதோ சொல்வாள் என்று காத்திருந்ததாகப் பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. சாயங்காலம் அவர் போனதும் சிகா சுரண்டினாள். பெரிய கண்ணாடி, நேரம் பிடித்தது. ஊர் முழுக்கத் தெரிந்த அந்தச் சீமாட்டியை, உயர்ந்த தலைத்துணியும் தங்கத் தோடும் சாய்ந்த கண்ணுமாக, அழகாகப் போட்டு வைத்தாள். தன் கையில் இதுவரை வந்த கோடுகளிலேயே இதுதான் சிறந்தது என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மறுநாள் காலை ஜத்தா வந்தாள். மைக்கைக் குத்திவிட்டாள். ஃபாய் புதுச் சட்டை போட்டிருந்தார்.

"சிகா அங்க இருக்காளா? இருக்கட்டும்," என்றார். "ஜத்தா, நேத்து ஓட்டமா ஓடிட்ட, ஒண்ணும் சொல்லல. இப்போ முழுசாப் பாத்துச் சொல்லு. உன் வாயில வர்றத அப்படியே சொல்லு."

ஜத்தா கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு சிகாவைப் பார்த்தாள். சிகா அவளையே கெஞ்சுகிற கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜத்தாவின் முகம் ஏன் வெளிறிப்போனது என்று சிகாவுக்கு விளங்கவில்லை. ஏதாவது ஏசினால் போதும், தலைத்துணி கோபுரம் மாதிரி இருக்கிறது என்றாவது சொன்னால் போதும். அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை.

"அழகா இருக்கு," என்றாள் கடைசியில், மெல்ல. "ரொம்ப அழகா இருக்கு, ஃபாய்."

ஃபாய் தலையைச் சாய்த்து, இன்னும் ஏதாவது வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் வரவில்லை.

"யாரு செத்துப் போனாங்க?" என்று கேட்டார்.

ஜத்தா சிகாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜோலாக்காரி ஒருத்தி செரேர்க்காரன் வேலையப் பாத்து அழகா இருக்குன்னு சொல்றா. எங்கப்பன் காலத்திலயும் கேட்டதில்ல, தாத்தன் காலத்திலயும் கேட்டதில்ல. யாரு செத்தாங்க, சொல்லுங்க." கையைத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். "நானா?"

ஜத்தா அழத் தொடங்கினாள். அதற்குமேல் சிகாவால் தாங்க முடியவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். முதல் குதிரையிலிருந்து எல்லாம் தான் சுரண்டிப் போட்டது, வியாபாரி தட்டிக் கொடுத்தது தன் கோட்டுக்கு, தெருவுக்கே தெரியும், சிங்கத்தின் மடியில் துப்பாக்கி இருந்தது நிஜம். சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்து களை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து போவதைப் பார்த்தாள். பாதியில் நிறுத்த நினைத்தாள், நிறுத்தத் தெரியவில்லை. பொய்யை அவ்வளவு நன்றாகச் சொன்னவள் உண்மையை மொத்தமாகக் கொட்டிவிட்டாள்.

ஃபாய் எழுந்தார். நாற்காலியின் முதுகைத் தடவிப் பிடித்தார். அதைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

சிகா அந்த முதுகைப் பார்த்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். ஜத்தாவின் மேல் கோபம் வரவில்லை, தன் மேலும் வரவில்லை. மறுபடி ராத்திரிகளில் மூச்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற அலுப்புதான் வந்தது.

"நேத்து போட்டதையுமா?" என்றார் சுவரைப் பார்த்து.

"ஆமா."

"எல்லாத்தையுமா? கொஞ்சங்கூட விட்டு வைக்கலையா?"

"கண்ணு முகத்துக்கு வெளிய கிடந்துச்சு, ஃபாய். எதை விட்டு வைக்கிறது? யாரோ ஒரு சீமாட்டி, அதனால நம்ம பழைய சீமாட்டியவே..."

"சீமாட்டி இல்ல," என்றார். "அது நீ."

கல்யாணமான புதிதில் சிகா ஒரு தடவை, என்னைப் போடுங்களேன் என்று கேட்டிருக்கிறாள். போடுகிறதெல்லாம் விற்கிறது, என் பெண்டாட்டியை எவன் வீட்டுச் சுவரிலோ ஆணி அடித்துத் தொங்கவிடச் சொல்கிறாயா என்று சிரித்துத் தள்ளிவிட்டார். அவள் அப்புறம் கேட்கவே இல்லை. முப்பது வருஷத்தில் ஊரில் உள்ள பெண்களின் சாயலெல்லாம் அவர் கண்ணாடியில் வந்து போயிற்று, அவள் சாயல் மட்டும் வந்ததில்லை. வந்த ஒரே ஒரு தடவை அவளே சுரண்டித் தள்ளி, தூசியை ஊதிவிட்டாள்.

சிகா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஜத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவை எடுத்து எதையோ தேடினாள். பிறகு அதன் சின்னத் திரையைச் சிகாவின் பக்கம் திருப்பினாள். நேற்றுக் காலை எடுத்தது. ஃபாயின் இடது கட்டைவிரல் விளிம்பில் ஊன்றியிருக்க, வலது கை மையைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தது.

"பாக்கறியா?" என்றார் ஃபாய். சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பாக்கறேன்."

"என்ன இருக்கு, சொல்லு. மீன் சந்தையில சொல்ற மாதிரி சொல்லு."

சிகா திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தாள். நேற்று அவசரத்தில் பார்த்ததை இப்போது நின்று பார்த்தாள்.

"கேவலமா இருக்கு, ஃபாய்," என்றாள். "இடது கண்ணு வெளிய, வானத்துல நிக்குது. வாய் கழண்டு விழுந்துடும் போல இருக்கு." திரையை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். "வாய்க்குக் கீழ ஒரு புள்ளி. மை சிந்தினதுன்னு நெனச்சேன். அது என் மச்சம்தான். புருவத்துல ஒரு கீறல், எண்ணெய் தெறிச்ச தழும்பு. முன்பல்லுல இடைவெளி விட்டிருக்கீங்க. பல் மூக்குக்குப் பக்கத்துல இருக்கு, ஆனா இடைவெளி இருக்கு. அழகுக்காக ஈறுல கறுப்பாப் பச்சை குத்தினது இருக்கு. காதுல ஒரு ஓட்டை கிழிஞ்சு தைச்சது, அதைக்கூட விடல. ஒண்ணு விடாம எல்லாம் இருக்கு. எதுவும் இருக்க வேண்டிய எடத்துல இல்ல."

"ஒண்ணுகூட விட்டுப் போகலையே?"

"போகல."

"மச்சம் எந்தப் பக்கம்?"

கண்ணாடியில் இடம் வலமாகும், வலம் இடமாகும். புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் தப்புவது அங்கேதான். சிகா மனசுக்குள் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"திருப்பினா சரியான பக்கம்தான் வருது."

ஃபாயின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவள் ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். அழவும் செய்தார், சிரிக்கவும் செய்தார், எது எப்போது என்று பிரிக்க முடியவில்லை. பல் மூக்குக்குப் பக்கத்திலா, மூக்குக்குப் பக்கத்திலா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். இந்த ஜோலாக்காரி இதைப் பார்த்துமா வாயை மூடிக்கொண்டிருந்தாள், இவளைப் பெற்றவள் கேட்டால் அடிப்பாளே என்றார். ஜத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, செரேர் மூளைக்கு அவ்வளவுதான் எட்டும் என்று விட்டுவிட்டேன் என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கும் மூச்சு வந்தது.

சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜத்தாவிடம், நான் சுரண்டுகிறதை எடுத்தாய் அல்லவா, அதையும் வை, எதையும் வெட்டாதே என்றாள். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து மேஜைப் பக்கமாக இழுத்தாள். அவர் உட்கார்ந்தபடியே காலால் தள்ளிக்கொடுத்தார்.

தான் போட்ட அழகான சீமாட்டியை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். புதுக் கண்ணாடி ஒன்றைத் துடைத்து அவர் முன்னால் வைத்து, விளிம்பைத் தொட்டுக் காட்டி, எதிரே உட்கார்ந்தாள். இந்தத் தடவை எலுமிச்சம்பழத்துக்கும் அனுப்பவில்லை, தையல்காரர் வீட்டுக்கும் அனுப்பவில்லை. அவர் கண்ணில் தொடங்கினார். பிறகு மச்சம், தழும்பு. சிகா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தின் கோடு முடிகிற இடத்திலிருந்து அவர் கை இறங்கிக்கொண்டே போனபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"காது கீழ போகுது, ஃபாய்."

கை நின்றது. "எவ்வளவு கீழ?"

"தோள்ல உக்காரப் போகுது."

அவர் கொஞ்சம் யோசித்தார். மையைத் தொட்டுக்கொண்டார்.

"உக்காரட்டும்," என்றார். "அங்கேருந்தும் நான் பேசறது கேக்கும்."